சொந்த வயிறு

ஐந்து துண்டு இருக்க வேண்டும். மின்னல் எப்படி எண்ணினாலும் நான்குதான் வந்தது.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். லேசாகக் குலுக்கியும் பார்த்தான். கட்டைவிரல் உயரமே இருந்த அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள், சதை கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில், அரிசிக் குருணை அளவில் வெளிறிய சதைத்துணுக்குகள் நான்கு மெல்ல எழும்பி மெல்ல இறங்கின. ஐந்தாவது போன இடம் தெரியவில்லை.

"என்னண்ணா, குறையுதா?" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது.

"குறையுதுன்னு யாரு சொன்னா? உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தான் மின்னல்.

அந்தப் பெண் கண்களை அகல விரித்தாள். அவன் எரிந்து விழுந்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. அவன் எண்ணியதில்தான் ஆச்சரியம்.

அது ஒரு பயாப்ஸி லேப். நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர்கள் கிள்ளி அனுப்பும் சதை இங்கே வந்து, மருந்தில் ஊறி, மெழுகில் உறைந்து, காற்றில் பறக்கும் அளவுக்கு மெல்லிய சீவலாகி, சாயம் ஏறி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக்கொண்டு, உள்ளறையில் டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்புக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு வெறும் புண்ணா, கிருமியா, புற்றுநோயா என்று சொல்வார். அதுவரைக்கும் டெக்னீஷியன் பாடு. பத்து வருடமாக அந்தப் பாடு மின்னலுடையது.

மின்னல் என்பது லேப்காரர்கள் அவன் வேகத்துக்காக வைத்த பெயர். மூடியைத் திறப்பான், பாட்டிலைக் கவிழ்ப்பான், மூடியைக் குப்பையில் எறிவான், அடுத்த பாட்டிலுக்குப் போய்விடுவான். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதெல்லாம் வேலை தெரியாதவர்களின் பிழைப்பு என்பது அவன் கட்சி. பக்கத்து மேசைப் பெண் அதற்கு நேர் எதிர். எண்ணுவாள், பார்ப்பாள், மறுபடி எண்ணுவாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் சூட்டியவனே அவன்தான். "நீ ஒரு வயித்தை முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு ஊரையே முடிச்சிடுவேன்" என்று தினமும் அவளைச் சீண்டுவான்.

அப்பேர்ப்பட்டவன் இன்று ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு அல்லாடுகிறான் என்றால் சும்மா இல்லை. பாட்டிலில் இருந்தது அவனுடைய சொந்த வயிறு.

நாலைந்து மாதமாகவே நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். அவன் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தான். மனைவி விடவில்லை, இரண்டு தெரு தள்ளி இருந்த ஸ்கோப் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மயக்க ஊசி போட்டு, வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டர், அவன் கண் விழித்ததும், "ஒரு புண் இருக்கு. அதோட லட்சணம் எனக்கு அவ்வளவா பிடிக்கலை. துண்டு எடுத்திருக்கேன், ரிசல்ட் வரட்டும், பேசலாம்" என்றார்.

அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். அந்த வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து மின்னலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. செத்துப்போய்விடுவோமோ என்று பயந்தான். பயத்தை வெளியில் சொல்லவும் பயந்தான்.

அந்தக் கிளினிக்கின் பாட்டில்கள் வழக்கமாக இவன் லேபுக்குத்தான் வரும். அது தெரிந்தே, என்ன வேலை பார்க்கிறான் என்று கிளினிக்கில் கேட்டதற்கு "ஏதோ ஒரு ஆபீஸ்" என்று சொல்லி வைத்திருந்தான். விஷயம் லேபில் தெரியக்கூடாது. முக்கியமாக முன்மேசை அம்மாளுக்குத் தெரியவே கூடாது. காலையில் அவள் காதில் ஒன்று விழுந்தால் மத்தியானத்துக்குள் மூன்று மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அவள் பெயர் ரேடியோ.

நல்லவேளையாக, பாட்டில் வந்ததும் பெயர் ஒட்டியிருக்கும் இடத்தின் மேலேயே எண் சீட்டை ஒட்டி உள்ளே அனுப்பிவிடுவது ரேடியோவின் வழக்கம். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு எண்தான் ஆள். மின்னலின் நிஜப்பெயரும் அந்த லேபில் எல்லோருக்கும் மறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

காலையில் வந்ததுமே, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டான். "ஸ்கோப் கிளினிக்ல இருந்து என்ன வந்திருக்கு?"

"ஒரே ஒரு வயிறுதான். அஞ்சு துண்டு" என்றாள் ரேடியோ.

ஒரே ஒரு வயிறு. அது யாருடையது என்று வேறு கேட்க வேண்டுமா?

பூதக்கண்ணாடியின் தட்டில் இருந்த பாட்டிலை, "இதை நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டு வந்தான். தன் வயிற்றை இன்னொருவர் கையில் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அந்த லேபிலேயே சிறந்த கை தன் கைதான் என்பதில் அவனுக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தச் சிறந்த கைதான் இப்போது இடுக்கியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது.

நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காகிதத்தின் மேல் வைத்தான். மூச்சுவிட்டால் பறந்துவிடுமோ என்று மூச்சை அடக்கினான். அப்போதுதான் தலைக்குமேல் மின்விசிறி சுற்றுவது கண்ணில் பட்டது. ஐந்தாவது பறந்தே போயிருக்குமோ?

"விசிறியை நிறுத்துங்க! யாரும் அசையாதீங்க!"

லேபே உறைந்துபோயிற்று. நாற்காலியில் உட்காரப்போன பூதக்கண்ணாடி பாதி உட்கார்ந்தபடி நின்றாள். மின்னல் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் புகுந்தான். ஒரு சட்டைப் பொத்தானும் மெழுகுத் துகள்களும் கிடைத்தன. வயிறு கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து டாக்டரம்மா வந்தார். "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?"

மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "கான்டாக்ட் லென்ஸ் விழுந்துடுச்சு மேடம்."

"நீ எப்போ லென்ஸ் போட ஆரம்பிச்சே?"

"இன்னிக்குத்தான் மேடம்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாதி உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடி கால் வலி தாங்காமல் கேட்டாள். "அண்ணா, மூடியைப் பாத்தீங்களா? சில சமயம் துண்டு மூடிக்குள்ள ஒட்டிக்கிட்டு வரும். நான் எப்பவும் பாப்பேன்."

குப்பைக்கூடையை நோக்கிப் பாய்ந்தான். பழக்கதோஷத்தில் எறிந்திருந்த மூடியைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தால், உள்விளிம்பில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது ஐந்தாவது துண்டு. போன உயிர் திரும்பி வந்தது மாதிரி இருந்தது அவனுக்கு. கூடவே, பத்து வருடமாகத் திருப்பிப் பார்க்காமல் எறிந்த மூடிகள் எத்தனை என்ற எண்ணமும் வந்தது. அதை அவசரமாக ஒதுக்கித் தள்ளினான்.

"அண்ணா, அந்த நாலும் காயுது பாருங்க! காஞ்சா கெட்டுடும்!"

தேடுகிற பரபரப்பில் காகிதத்தின் மேல் வைத்த நான்கையும் மறந்தே போயிருந்தான். தலைகால் புரியாமல் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து அவற்றின் மேல் சாய்த்தான். அது சாயப் பாட்டில். துண்டு, காகிதம், மேசை, கை, சட்டை என்று எல்லாம் நல்ல ரோஜா நிறத்துக்கு மாறின.

"பரவாயில்லண்ணா" என்று பூதக்கண்ணாடி சமாதானம் சொன்னாள். "சின்னத் துண்டுக்கு நானும் சாயம் விடுவேன். மெழுகுல தேடும்போது கண்ணுக்குத் தெரியும். ஆனா ஒரு சொட்டுதான் விடுவேன்."

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் மனைவி வந்தாள், வீடியோவில். யார் காதிலும் விழாமல் வாசல் பக்கம் ஒதுங்கிப் போய் எடுத்தான்.

"என்னங்க, உங்க வயிறு வந்துடுச்சா? ஐயையோ, கையெல்லாம் என்ன ரத்தம்?"

"ரத்தம் இல்ல, சாயம். மெதுவா பேசு."

"வயித்துக்கு எதுக்குங்க சாயம்?"

"அது உனக்குப் புரியாது. போனை வை."

"எல்லாத்தையும் அள்ளித் தெளிச்ச மாதிரி பண்ணுவீங்களே, இதையும் அப்படிப் பண்ணிடாதீங்க. இது நம்ம வயிறுங்க" என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவன் கைபேசியை அணைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ரேடியோ நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு வயிறு வந்துடுச்சு?"

"வயிறு காயுதுன்னு சொல்லிட்டிருந்தேன். காலையில சாப்பிடலை" என்று உளறினான்.

அது போதுமே. மின்னலுக்கு வீட்டில் சோறு போடுவதில்லை என்ற செய்தி மத்தியானத்துக்குள் மூன்று மாடிக்கும் பரவியது. கணக்குப் பிரிவிலிருந்து பன் வந்தது, ரத்தப் பரிசோதனைப் பிரிவிலிருந்து பிஸ்கட் பொட்டலம் வந்தது, மாடிப்படியில் எதிர்ப்பட்ட காவலாளி தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்துவிட்டு, "பொறுத்துக்கப்பா, குடும்பம்னா அப்படித்தான்" என்று தோளைத் தட்டினார். குட்டு உடைந்துவிடக்கூடாதே என்று அவ்வளவையும் தின்று தீர்த்தான். புண் இருக்கிற வயிறு தீயாய் எரிந்தது.

அடுத்து, துண்டுகளை மெல்லிய காகிதத்தில் மடித்து, கேசட் என்னும் துளை போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். துளை வழியாக மருந்து உள்ளே போகும். துண்டுகள் துளை வழியாக வெளியே நழுவிவிட்டால்? மின்னல் காகிதத்தை ஒரு முறை மடித்தான். மனம் கேட்கவில்லை, இன்னொரு காகிதம் சுற்றினான். அதன்மேல் இன்னொன்று. கடைசியில் கேசட் மூட மறுத்தது. அழுத்தி மூடினான். மூடி உடைந்தது.

"இத்தனை சுத்து சுத்தினா மருந்து எப்படிண்ணா உள்ள போகும்? துண்டு வேகாத மாதிரி நடுவுல பச்சையாவே நின்னுடும்" என்றாள் பூதக்கண்ணாடி.

எல்லாவற்றையும் பிரித்தான். ஐந்தும் இருக்கிறதா என்று எண்ணினான். இருந்தன. ஒரே காகிதத்தில் மடித்து, புதுக் கேசட்டில் வைத்து, மெல்ல மூடினான். இதையே முதலில் செய்திருந்தால் ஒரு நிமிட வேலை.

சாயங்காலம் எல்லாக் கேசட்டுகளும் மெஷினுக்குள் போகும். இரவெல்லாம் ஆல்கஹாலில் ஊறி ஈரம் போய், கடைசியில் உருகிய மெழுகில் முங்கி நிற்கும். மின்னல் மெஷினைத் திறந்து ஆல்கஹாலைப் பார்த்தான். மங்கிப்போய் இருந்தது. அதை எப்போது மாற்றினார்கள் என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. 'நாளைக்கு மாத்திக்கலாம்' என்று இரண்டு வாரமாகச் சொல்லிவந்தவன் அவனேதான்.

அன்றைக்கே மாற்றினான். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. மற்றவர்களின் கேசட்டோடு தன்னுடையது கலந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. உள்ளே இருந்த கேசட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து பார்மலினில் போட்டுவிட்டு, அத்தனை பெரிய மெஷினில் தன் ஒற்றைக் கேசட்டைப் போட்டு மூடினான்.

டாக்டரம்மா கிளம்பும்போது பார்த்துவிட்டார்.

"எதுக்கு இதெல்லாம் வெளியில கிடக்கு?"

"நாளைக்குப் போடலாம்னு மேடம்…"

"உள்ள என்ன இருக்கு?"

"ஒரு வயிறு மேடம்."

"ஒரே ஒரு வயிறா? அப்போ இதெல்லாம் என்ன? இவங்க வயிறெல்லாம் வயிறு இல்லையா? ரிசல்ட் வரலையேன்னு வீட்டுல உயிரைக் கையில பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. அது உனக்கு எங்கே தெரியப்போகுது!"

தெரியும் என்று சொல்லத் துடித்தான். எல்லாக் கேசட்டுகளையும் திரும்ப அடுக்கினான். தன்னுடையதை மட்டும் ஒரு மூலையில் தனியாக வைத்து, அதன் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை, காவலாளி கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றான். முகத்தைப் பார்த்தாலே தூங்கவில்லை என்று தெரிந்தது. "வீட்டுல மறுபடி சண்டையா?" என்று பரிதாபப்பட்டார் காவலாளி.

மெழுகு வார்க்கும் வேலை ஆரம்பித்தது. வயிற்றுத் துண்டைப் படுக்க வைத்து மெழுகு ஊற்றினால் மேல்தோல் மட்டும்தான் சீவலில் வரும். நிமிர்த்தி நிறுத்தினால்தான் மேலிருந்து அடிவரை எல்லா அடுக்கும் தெரியும். இது மின்னலுக்குத் தெரியாததல்ல. செய்ததுதான் இல்லை. இன்று நிறுத்தினான். நான்கு துண்டு நின்றது, ஐந்தாவது சாய்ந்தது. அதை நிமிர்த்தினால் முதலாவது சாய்ந்தது. அதற்குள் மெழுகு உறைந்துவிட்டது. உருக்கினான், மறுபடி நிறுத்தினான், மறுபடி உறைந்தது. தொட்டிலில் குழந்தையைப் போடுகிறவன் மாதிரி "இரு, இரு, அசையாதே" என்று அவன் மெழுகிடம் கெஞ்சுவதை எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாக ஐந்தும் வரிசையில் நின்றன.

அடுத்தது சீவும் மெஷின். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மெழுகுக் கட்டி பிளேடில் உரசி நாடா நாடாவாகச் சீவல் இறங்கும். மின்னல் சுற்றுகிற வேகத்தில் மேல் மெழுகோடு சதையும் பாதி போய்விடும் என்று பூதக்கண்ணாடி பலமுறை சொல்லியிருக்கிறாள். இன்று பயந்து பயந்து சுற்றினான். சீவியதை ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு, டாக்டரம்மாவின் அறையில் கொண்டுபோய் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. "மின்னல், இதுல என்ன இருக்கு?"

"என்ன மேடம் இருக்கு?"

"அதைத்தான் கேட்கிறேன். வெறும் மெழுகை வெட்டிக் கொடுத்திருக்கே. சதையையே காணோம்."

சதை போய்விடக்கூடாது என்று மேலாகச் சீவியதில் பிளேடு சதையைத் தொடவே இல்லை. திரும்பி ஓடினான். இன்னும் ஆழமாகச் சீவினான். ரோஜா நிறத்தில் ஐந்து புள்ளிகள் நாடாவில் தெரிந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. வந்த நீரைத் துடைக்காமல் சீவிக்கொண்டே போனான். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. எந்தச் சீவலில் அந்த வியாதி ஒளிந்துகொண்டிருக்கிறதோ, யார் கண்டார்கள்?

சீவல்களைச் சுருக்கம் போக வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, அப்படியே ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். தொட்டியில் தன் சீவலை விடப்போனவன் கையை இழுத்துக்கொண்டான். தண்ணீரின் மேல் ஓரமாக, தூசு மாதிரி ஒரு துணுக்கு மிதந்துகொண்டிருந்தது. அது அவனுடையது அல்ல. அவனுக்கு முன்னால் வெட்டிய யாருடையதோ.

"இது என் சீவலோட ஒட்டிக்கிட்டா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"மேடம் அதையும் சேர்த்துத்தான் பாப்பாங்க" என்றாள் பூதக்கண்ணாடி சாதாரணமாக. "அடுத்தவங்க வியாதி இவங்களுக்கு வந்துடும். இல்ல, இவங்களோடது போயிடும். அதனாலதான் நான் ஒவ்வொரு கட்டிக்கும் தண்ணியை வழிச்சு எடுக்கிறேன். நீங்க சிரிப்பீங்க."

மின்னல் சிரிக்கவில்லை. பத்து வருடம் அந்தத் தொட்டியில் அவன் விட்டு எடுத்த சீவல்கள் கண்முன் மிதந்தன. அந்த மனிதர்களெல்லாம் என்ன ஆனார்கள்? யார் வயிற்றை யாருக்கு மாற்றிக் கொடுத்தான்? தன்னுடைய பயத்தை அவன் ஒரு நிமிடம் மறந்துபோனான். அவர்களை நினைத்து முதல்முறையாக வெட்கப்பட்டான். பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, சுடும்வரை காத்திருந்து, ஒவ்வொரு சீவலாக ஏந்தி எடுத்தான்.

டாக்டரம்மாவின் மேசைக்கு மூன்று தட்டு நிறைய ஸ்லைடுகள் போயின.

"கல்லூரியில பாடம் எடுக்கப் போறேனா நான்? எதுக்கு இத்தனை?"

"ஜாக்கிரதைக்கு மேடம்."

"நீயா ஜாக்கிரதைன்னு சொன்னே?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார். மின்னல் நகரவில்லை. "போய் வேலையைப் பாரு" என்றார். இரண்டடி நகர்ந்து கதவோரம் நின்றான்.

அவர் ஒரு ஸ்லைடைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். "ம்" என்றார். மின்னல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். மறுபடி முதல் ஸ்லைடையே எடுத்தார். "அடடா" என்றார். மின்னல் சுவரைப் பிடித்துக்கொண்டான். மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. நம்ம வயிறு என்று சொன்னாளே, அவளுக்கு எப்படிச் சொல்லப்போகிறோம்?

"மேடம்… கேன்சரா?"

"யாருக்கு?"

"அந்த வயித்துக்கு."

"சேச்சே. நல்லா தேடிட்டேன், அந்த மாதிரி ஒண்ணுமே இல்ல. கிருமி இருக்கு, அதனால வந்த புண்ணு. ரெண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

"அப்புறம் ஏன் மேடம் அடடான்னீங்க?"

"ஸ்லைடைப் பாத்துத்தான். அஞ்சு துண்டும் நிமிர்ந்து நிக்குது, எல்லா அடுக்கும் தெரியுது, ஒரு மடிப்பு இல்ல, ஒரு தூசு இல்ல. இந்த லேப்ல இருந்து இப்படி ஒரு ஸ்லைடை நான் பார்த்ததே இல்லை. இதை யாரு பண்ணினா, பூதக்கண்ணாடியா?"

"நான்தான் மேடம்" என்றான் மின்னல். கதவோரமாகவே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். யாருடைய வயிற்றுக்கோ புற்றுநோய் இல்லை என்றதற்கு இந்த மனிதன் இப்படி அழுகிறானே என்று டாக்டரம்மாவே நெகிழ்ந்துபோய், தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. எரிச்சல்கூடக் குறைந்துவிட்டதாகத் தோன்றியது. வெளியே வந்து பூதக்கண்ணாடியிடம், "இனிமே எல்லா வயித்தையும் இப்படித்தான் பண்ணப்போறேன். மூடியை எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் கொடு" என்றான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாள். ரேடியோவுக்கு ஒரு வணக்கம் போட்டான். வீட்டில் சமாதானமாகிவிட்டது என்ற செய்தி அவன் படியிறங்குவதற்குள் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது.

மனைவியை வரச்சொல்லி, சாயங்காலமே இருவருமாகக் கிளினிக்குக்குப் போனார்கள். அவள் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். "உங்களை என்னமோ நினைச்சேன். நீங்களே உட்கார்ந்து பண்ணினதாலதான் இவ்வளவு சரியா வந்திருக்கு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் வேலையை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மின்னல் ஓர் அங்குலம் உயரமாகவே நடந்தான்.

கிளினிக்கில் ஸ்கோப் அறை நர்ஸ் பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், என் ரிசல்ட் தெரிஞ்சிடுச்சு. வெறும் கிருமிதான். டாக்டர்கிட்ட மாத்திரை எழுதி வாங்கலாம்னு வந்தோம்."

"உங்க ரிப்போர்ட் இன்னும் வரலையே சார்."

மின்னல் பெருந்தன்மையாகச் சிரித்தான். "காகிதம் நாளைக்கு வரும் சிஸ்டர். அந்த லேப்ல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நேத்து இங்கே இருந்து ஒரே ஒரு வயிறுதானே வந்துச்சு, அஞ்சு துண்டு?"

"அது உங்களுக்கு அப்புறம் வந்த ஒரு பெரியவரோடது சார்" என்றாள் நர்ஸ். "உங்களோடதை நான் பஸ் நிலையத்துக்குப் பின்னாடி இருக்கிற வேற லேபுக்கு இல்ல அனுப்பினேன்?"

மின்னலின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் கேட்க வேண்டியதை மனைவிதான் கேட்டாள். "எல்லாத்தையும் அந்த லேபுக்குத்தானே அனுப்புவீங்க? இவரோடதை மட்டும் ஏன் மாத்தி அனுப்பினீங்க?"

நர்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மின்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்தானேம்மா சொன்னாரு? மயக்க ஊசி போட்டதும் என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, 'அந்த லேபுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க சிஸ்டர், அங்க வெட்டறவனைப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும்'னு ஒரே அழுகை. ஆமா, யாரு சார் அந்த ஆளு?"